சீசன் தொடங்கும் முன்பே “உங்கள் அணி தேறாது” என்று யாராவது கணித்துச் சொல்லும்போது, ரசிகராக எப்படி எடுத்துக்கொள்வீர்கள்?

கோபம்தான் வரும். நான் ‘சென்னையின் எஃப்சி’ கால்பந்து அணியின் ரசிகன், ஊர் உவரிப் பக்கம். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று எங்கள் நெல்லைக் கடற்கரையில் பந்து என்றால் உயிர். இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐஎஸ்எல் நெருங்கினாலே டீக்கடை அண்ணாச்சி, “என்னடே, உங்க டீமு இந்த வருசமும் கடைசிதானாமே?” என்று ஆரம்பித்துவிடுவார். யாரோ யூடியூபில் சொன்னது இங்கே வந்து சேர்ந்திருக்கும்.

ஆனால் அந்தக் கணிப்பை நான் நம்புவதில்லை. எங்கள் அணியைப் பற்றிச் சொன்னது பலிப்பது குறைவு. 2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினோம்; எங்கள் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியே இரண்டு கோல் போட்டார். அடுத்த சீசனில் நடப்புச் சாம்பியன் நாங்கள்தான். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, பட்டியலில் கடைசி இடம். எதிர்பார்ப்பு ஏறி நின்ற வருடத்தில்தான் அதிகம் அடிபட்டோம்.

அதற்கடுத்த 2019-20ஐ மறக்கவே முடியாது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்துடன். 90 நிமிடம் முடிந்தும் 0-0. அதற்கு மேல் சேர்த்துத் தரும் சில நிமிடங்களில் எங்கள் ஷெம்ப்ரி ஒன்று போட்டார், உடனே அவர்கள் சமன் செய்தார்கள், அதற்கும் மேல் எங்கள் வால்ஸ்கிஸ் ஒன்று போட்டு 2-1. வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். அப்புறம் பயிற்சியாளர் ஜான் கிரிகோரி விலக, அவர் இடத்துக்கு ஓவன் காயல் வந்தார். வால்ஸ்கிஸ் அந்த சீசனில் மொத்தம் 15 கோல். இறுதிப்போட்டி வரை போய், கொரோனாவால் ஆளே இல்லாத கோவா மைதானத்தில் கொல்கத்தா அணியான ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றோம். தோற்றாலும் எனக்குப் பிடித்த சீசன் அதுதான்.

ஐஎஸ்எல்லில் வெளிநாட்டு வீரர்கள் வருடா வருடம் மாறுகிறார்கள். அவர்கள் சேர்ந்து நாலு ஆட்டம் ஆடும் முன்பே, பெயரை மட்டும் பார்த்து பட்டியலில் இன்ன இடம் என்று போட்டுக் கொடுத்தால் எப்படிச் சரியாக வரும்? அதிலும் 2021-22லிருந்து களத்தில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 4 வெளிநாட்டினர்தான். மீதி ஏழு பேர் நம் ஆட்கள். நான் முதலில் பார்ப்பது அந்த ஏழு பேரை. நடுக்களத்தில் பந்தை வாங்கித் திரும்பி ஆடக்கூடிய ஒரு இந்தியப் பையன் இருந்தாலே பாதி நிம்மதி.

அதனால் கடைசி இடம் என்று யார் சொன்னாலும் ரெண்டு நாளில் ஆறிவிடும். 2023இல் கேப்டன் அனிருத் தாப்பா கொல்கத்தாவின் மோகன் பாகான் அணிக்குப் போனாரே, அதுதான் ஆறவில்லை. சின்னப் பையனாக வந்து எங்கள் சட்டையிலேயே வளர்ந்தவர் அவர்.