ஐம்பது வரை சொல்கிறாள், ஏழு ஸ்பூன் எடுக்கத் தெரியவில்லை

கேள்வி: மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். ஐம்பது வரை கடகடவென்று சொல்கிறாள். "ஏழு ஸ்பூன் எடுத்துட்டு வா" என்றால் கைக்கு வந்ததை அள்ளி வருகிறாள். டியூஷன் வைக்கலாமா? பல்லாங்குழி விளையாடினால் போதும் என்கிறார் மாமியார். (வாசகி, திருமங்கலம்)

பதில்: மாமியார் பேச்சைக் கேளுங்கள். ஆனால் முதல் நாளே பல்லாங்குழிப் பலகையை எடுக்க வேண்டாம்.

ஐம்பது வரை சொல்வது பாட்டு ஒப்பிப்பதுபோலத்தான். எண்ணுவதற்கு இரண்டு விஷயம் பிடிபட வேண்டும்: ஒரு பொருளுக்கு ஓர் எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். ஐந்து புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒன்றை இருமுறை தொட்டாலோ தாண்டிப் போனாலோ முதலாவது வரவில்லை. சரியாக எண்ணிவிட்டு, "மொத்தம் எத்தனை?" என்றதும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் இரண்டாவது வரவில்லை.

30 முட்டை பிடிக்கும் அட்டையை வரிசைக்கு 5 குழியாக, இரண்டிரண்டு வரிசை வைத்து வெட்டினால் மூன்று பத்துக்குழித் தட்டு கிடைக்கும். (முட்டை இருந்த அட்டையில் கிருமி இருக்கலாம், புதிதாக வாங்குங்கள்.) குழிக்கு ஒரு கொட்டை. இரண்டு விழுந்தால் அவளுக்கே தெரிந்துவிடும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஏழு என்றால் மேல் வரிசை நிறைந்து கீழே இரண்டு; சில நாளில் எண்ணாமலே சொல்வாள்.

அடுத்து, தாய விளையாட்டுக்குச் செய்வதுபோல ஐந்து கொட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்ட் தரையில் வெள்ளை தெரியத் தேயுங்கள். உருட்டிவிட்டு, "வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை?" மூன்றும் இரண்டும், நாலும் ஒன்றும் என மாறி மாறி விழும். கூட்டல் கணக்குக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

பிறகுதான் பல்லாங்குழி. 14 குழிக்கும் ஐந்தைந்து போட்டால் 70 கொட்டை. இந்த வயதுக்கு மலைப்பு. ஆளுக்கு 3 குழி, குழிக்கு 3 கொட்டை என 18 போதும். அள்ளிய குழியிலேயே திரும்பப் போடுவது, ஒரே குழியில் இரண்டு நழுவவிடுவது, இவை இரண்டும் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். "தப்பு" என்று கையைப் பிடிக்காமல், "என் குழிக்கு ஒண்ணு கூட வந்திருச்சே, எண்ணிப் பாப்பமா?" என்று கேளுங்கள். பாட்டிமார் கை வேகம் பிள்ளைக்குப் புரியாது. மெதுவாக, ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். பழகியபின், ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது "பசு", குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியைக் கொண்டு வாருங்கள். நாலைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணும் பயிற்சி அதில் இருக்கிறது.

எண்ணிக்கை தமிழிலேயே இருக்கட்டும். பதினாலில் பத்தும் நாலும் காதில் விழும்; ஃபோர்ட்டீனும் ஃபார்ட்டியும் குழப்பும்.

மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருந்தால் அவர்கள் தூங்கும்போது மட்டுமே விளையாடுங்கள். வாயில், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். புளியங்கொட்டைக்குப் பதிலாக மஞ்சாடி (முழுச் சிவப்பு விதை) என்று நினைத்துக் குன்றிமணியை எடுத்துவிடாதீர்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி இருந்தால் அது குன்றிமணி. மென்றால் கடும் விஷம்.

ஒரு தடவைக்கு பத்து, பதினைந்து நிமிடம் போதும், அவளாக எழுந்தால் விட்டுவிடுங்கள். எடுத்து வைக்கும்போது மட்டும் பத்துக்குழித் தட்டில் நிரப்பி எண்ணிய பிறகே டப்பாவில் போடட்டும். ஒன்று குறைந்தால் அலமாரிக்கடியில் தேடுங்கள்.