பிரானர்ஸ் கடை விளக்குகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள், பெட்டியில் கொண்டு வராதீர்கள்

செந்தூலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். டிசம்பரில் டெட்ராய்ட் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார்களாம். மிச்சிகனில் ஃபிராங்கன்மூத் என்ற ஊரில் இருக்கும் பிரானர்ஸ் கிறிஸ்துமஸ் கடையைப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய அம்மாவின் ஆசை. அம்மாவுக்கு 72 வயது, முட்டிவலி வேறு. எத்தனை மணி நேரம் ஒதுக்குவது, அங்கே விற்கும் விளக்குச் சரங்களை வாங்கி வந்து இங்கே வீட்டில் போடலாமா என்று கேட்கிறார்.

கோலாலம்பூரில் 20 வருடத்துக்கு மேலாக ஆலயங்களுக்கும் வீடுகளுக்கும் கிறிஸ்துமஸ் விளக்கு கட்டுகிறவன் நான். அதனால் இரண்டாவது கேள்விக்கே முதலில் வருகிறேன். வேண்டாம், சகோதரி. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230, 240. அங்கே விற்கும் சின்ன பல்புச் சரத்தில் ஐம்பது பல்புகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள், ஆளுக்கு இரண்டரை வோல்ட் என்று பங்கு பிரித்துக்கொண்டு அவை எரியும். அதை நம் வீட்டில் செருகினால் ஒவ்வொரு பல்புக்கும் இரண்டு பங்கு போகும். ஒருமுறை ஓர் ஆலயத்தில் யாரோ ஆசையாகக் கொண்டுவந்த சரத்தை, நான் ஏணியில் நின்றுகொண்டிருந்தபோதே கீழே ஒரு பையன் அடாப்டர் போட்டுச் செருகிவிட்டான். மஞ்சளாக எரியவேண்டியது ஒரு நொடி வெள்ளை வெளேரென்று அடித்தது, அவ்வளவுதான். பிறகு கழற்றிப் பார்த்தால் பல்புக்கு உள்பக்கம் புகை படிந்த மாதிரி சாம்பல் பூத்திருந்தது. எல்இடி சரம் மட்டும் தப்பிக்கும் என்று நினைக்கவேண்டாம், அதில் வயர் நடுவே தடிப்பாக இருக்கும் இடம் சூடேறி உருகக்கூடும்.

கடையில் வாங்கும் அடாப்டர் ப்ளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இது தெரியாமல் ஏமாறுகிறவர்கள் நிறைய. ஆசைப்பட்டது ஒன்றிருந்தால், ப்ளக் பக்கத்தில் தொங்கும் சின்ன அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம், பேட்டரியில் எரிவதும் யுஎஸ்பியில் எரிவதும் பிரச்சினை இல்லை. புடுவில் ஜாலான் பாசார் பக்கம் போனால் 240ஐ 120ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு சரத்துக்காக அந்தக் கனத்தைக் கூடத்தின் மூலையில் வைத்துக் காவல் காப்பானேன்? அதோடு, மோட்டாரில் சுற்றும் பொம்மைகளுக்கு வோல்ட்டைக் குறைத்தாலும் போதாது, அங்கே மின்சாரம் நொடிக்கு 60 முறை அலையும் (60 ஹெர்ட்ஸ் என்பார்கள்), இங்கே 50, அதனால் சில மோட்டார்கள் மெதுவாகச் சுற்றிச் சூடேறும்.

சரி, அப்படியானால் என்ன வாங்குவது? கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும், பெயர் எழுதிய கண்ணாடி உருண்டை. அந்தக் கடையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன். வாலி பிரானர் 1945இல் பெற்றோர் வீட்டின் கீழ்த்தளத்தில் விளம்பரப் பலகை எழுதுகிறவராகத் தொழிலைத் தொடங்கியவர். கிளேர் என்ற ஊரின் வணிகர்கள் தெருவிளக்குக் கம்பங்களில் மாட்டக் கிறிஸ்துமஸ் பலகைகள் கேட்டார்கள், அங்கிருந்து வளர்ந்ததுதான் இத்தனையும். அவர் 2008இல் மறைந்துவிட்டார், கடையை இன்றும் குடும்பத்தார்தான் நடத்துகிறார்கள். அந்த எழுத்து வேலையும் விட்டுப்போகவில்லை. நீங்கள் தேர்ந்தெடுக்கும் உருண்டையில் பெயர் எழுதித் தருகிறார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் இந்த வேலையைக் கொடுத்துவிட்டு அப்புறம் சுற்றுங்கள், டிசம்பரில் காத்திருக்கவேண்டி வரலாம். பேரப்பிள்ளைகளின் பெயர்களை வீட்டிலேயே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். நம் பெயர்களை வாயால் சொல்லி எழுத வைத்தால் ஓர் எழுத்தாவது மாறிவிடும், உருண்டையில் அழித்து எழுதுவது சிரமம்.

நேரத்துக்கு வருவோம். விற்பனைக்கூடம் மட்டும் 2.2 ஏக்கர், அதாவது முழு அளவு கால்பந்துத் திடலைவிடக் கால் பங்கு பெரியது. அலங்கரித்த மரங்களுக்கும் ஆடும் பொம்மைகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகவேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் நடந்தே முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், சக்கர நாற்காலி கட்டாயம், மகள் வீட்டிலிருந்தே கொண்டுபோனால் நிம்மதி. டெட்ராய்ட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம், பனி விழுந்தால் கூடும். கடைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். வார நாளில், மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேருங்கள். டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும், நீங்கள் வெளியே வரும்போது கிறிஸ்துமஸ் லேன் என்ற விளக்கு அலங்காரச் சாலை எரிந்துகொண்டிருக்கும். அரை மைல் நீளம், ஒரு லட்சம் விளக்கு. காரில் உட்கார்ந்தபடியே அம்மா பார்த்துவிடலாம். தடித்த கோட்டைக் காரிலேயே விட்டுவிட்டுக் கடைக்குள் போங்கள், உள்ளே வியர்க்கும். வருடத்தில் 361 நாள் திறந்திருக்கும் கடை, ஆனால் கிறிஸ்துமஸ் நாளன்று மூடியிருக்கும், அன்றைக்குப் போய் நிற்காதீர்கள்.

வெளியே ஒரு சின்ன ஜெபக்கூடம் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரில் 1818இல் சைலண்ட் நைட் பாட்டு முதன்முதலில் பாடப்பட்டதே, அந்த இடத்தில் இருக்கும் நினைவுக் கூடத்தின் நகல். அதற்குப் போகும் பாதையில் அந்தப் பாட்டை நூற்றுக்கணக்கான மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். குளிரைப் பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிடமாவது அம்மாவை அழைத்துப்போங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் சீயோன் ஆலயத்துக்குப் போகிற நம் லூத்தரன் குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி, ஃபிராங்கன்மூத்தை 1845இல் அமைத்தவர்களே ஜெர்மனியிலிருந்து வந்த லூத்தரன்கள்தான்.

திரும்பி வருவதற்கு இங்கிருந்தே காலி பிஸ்கட் டின் ஒன்று எடுத்துப்போங்கள். எழுத்து நன்றாகக் காய்ந்த பிறகு உருண்டையை மெல்லிய தாளில் சுற்றி, ஒரு காலுறைக்குள் நுழைத்து, டின்னில் அசையாமல் அடுக்கி, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கினால் பனி விழும் தண்ணீர் உருண்டை மட்டும் கைப்பையில் வேண்டாம். டென்னிஸ் பந்தைவிடப் பெரியதாக இருந்தால் விமான நிலையத்தில் திரவம் என்று சொல்லி எடுத்துவிடுவார்கள், அதைத் துணிகளுக்கு நடுவே பெரிய பெட்டியில் வையுங்கள். நிஜ பைன் கிளையில் செய்த வளையத்தையும் காய்களையும் அங்கேயே மகள் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வாருங்கள், செடி கொடி வகைகளை அனுமதி இல்லாமல் மலேசியாவுக்குள் கொண்டுவர முடியாது.