பசங்க வீட்ல வயலின், மிருதங்கம் பிராக்டிஸ் பண்ண ஒரு ஆப் டிசைன் பண்ணணும்னா எதை முதல்ல யோசிக்கணும்?

நான் பெங்களூர்ல ராமமூர்த்தி நகர் பக்கம் இருக்கேன், வேலை ஆண்ட்ராய்டு ஆப் எழுதுறது. என் பொண்ணு ஏழு வயசுல வயலின் ஆரம்பிச்சா, இப்போ பதினொண்ணு. அவளுக்கும் அவ கிளாஸ்ல இருக்குற மத்த பசங்களுக்கும் சேர்த்து மொத்தம் பதினாலு பேருக்கு ஒரு ஆப் பண்ணி, ரெண்டு வருஷமா அதையே மாத்தி மாத்தி எழுதிட்டு இருக்கேன். பிளே ஸ்டோர்ல எல்லாம் போடல, வாட்ஸ்அப்ல ஃபைல் அனுப்புவேன், போட்டுக்குவாங்க. அதனால கீழ சொல்றது எல்லாமே இந்த பதினாலு பசங்ககிட்ட பாத்தது.

நேரா விஷயத்துக்கு வரேன். மார்க் போடுற ஆப் பண்ணாதீங்க. குழந்தை தான் வாசிச்சதை தானே காது குடுத்துக் கேக்குற மாதிரி ஒரு ஆப் பண்ணுங்க.

முதல் வெர்ஷன்ல எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன். தினமும் வாசிச்சா ஒரு விளக்கு எரியும், ஒரு நாள் விட்டா எல்லா விளக்கும் அணைஞ்சு மறுபடி ஒண்ணுலேர்ந்து. முதல் மாசம் அம்மாங்க எல்லாம் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க, சொல்லாமலே வயலினை எடுக்குறான்னு. அப்புறம் பாத்தா பசங்க வாசிக்கிறது எல்லாமே எப்பவோ முடிச்ச சரளி வரிசைங்கற ஆரம்பப் பாடம், டீச்சர் அந்த வாரம் குடுத்த அடுத்த பாடமான தாட்டு வரிசையை ஒருத்தரும் தொடல, ஏன்னா விளக்கு எரியறதுக்கு எது வாசிச்சாலும் ஒண்ணுதான். என் பொண்ணுக்கு ஒரு நாள் 102 ஜுரம், ராத்திரி பத்தே முக்கால் இருக்கும், தூக்கத்துலேர்ந்து எழுந்து வந்து "அம்மா வயலின் எடுத்துக் குடு, இன்னிக்கு 41-ஆவது நாள்"னு நிக்குறா. கை நடுங்குது. அவளைப் படுக்க வெச்சுட்டு அன்னிக்கு ராத்திரியே உக்காந்து அந்தக் கோட் முழுசையும் எடுத்துட்டேன். குழந்தையை பயமுறுத்தி வாசிக்க வெக்கிற எதையும் அதுக்கப்புறம் நான் சேக்கல.

அடுத்தது சுருதி. வெஸ்டர்ன் மியூசிக்குக்குப் பண்ண ஆப்பை இங்க அப்படியே எடுத்துப் போட முடியாது. அந்த ட்யூனர் எல்லாம் ஏ-ன்னா 440 ஹெர்ட்ஸ்னு வெச்சுட்டு ஆரம்பிக்கும், நமக்கு ஷட்ஜம், அதாவது அடிப்படை ஸ, எங்க வேணா இருக்கலாம், அந்த உயரத்தைக் கட்டைன்னு சொல்லுவோம், எங்க கிளாஸ்ல ரெண்டு கட்டை, பாட்டு கத்துக்குற பொண்ணுங்கன்னா அஞ்சு, அஞ்சரை. அதனால ஆப் திறந்ததும் முதல்ல கேக்க வேண்டியது உன் ஸ எதுன்னுதான். அதை நான் பண்ணிட்டேன், ஆனா மத்த ஸ்வரத்தை எல்லாம் கீபோர்டு கணக்குல, ஒரு ஸ்தாயியை பன்னெண்டு சம பங்கா வெட்டி ஒவ்வொண்ணுக்கும் 100 சென்ட்னு (சென்ட்ங்கறது ஸ்வர இடைவெளியை அளக்குற அளவு) போட்டுட்டேன். பசங்க முதல்ல கத்துக்குற மாயாமாளவகௌளை ராகத்துல வர்ற அந்தர காந்தாரம், அதாவது அதோட க, அந்தக் கணக்குல ஸ-லேர்ந்து 400 சென்ட். ஆனா தம்புராவோட இழைஞ்சு நிக்கிற காந்தாரம் ஸ-வோட அதிர்வெண்ணுக்கு 5/4 மடங்கு, அதாவது 386 சென்ட் பக்கம், நல்லா சுருதி சேத்த தம்புரால ஸ தந்தியை மீட்டினாலே அந்தக் காந்தாரம் உள்ளேர்ந்து தானா ஒலிக்கும். கிளாஸ்ல ஒரு எட்டு வயசுப் பையன், ரொம்ப நல்ல காது, சுருதிப் பெட்டியோட சேந்து சரியாத்தான் வாசிச்சான், என் ஆப் குறையுதுன்னு சிவப்பு காட்டுச்சு, அவன் பாவம் விரலை ஏத்தி ஏத்திப் பச்சை வர வெச்சுட்டான். ஞாயித்துக்கிழமை டீச்சர் கேட்டுட்டு "என்னடா கண்ணா, காந்தாரம் ஏன் ஏறி நிக்குது, போன வாரம் நல்லா இருந்துச்சே"ன்னாங்க. ஒரு வாரம் பூரா அந்தக் குழந்தையோட காதை நான் கெடுத்திருக்கேன், இன்னிக்கு நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு.

கணக்கைத் திருத்திட்டா போதுமான்னா அதுவும் இல்ல, ஸ்வரத்தை அசைச்சு வாசிக்கிற கமகம் இருக்கே. தோடி ராகத்துல காந்தாரம் ஒரு இடத்துல நிக்கவே நிக்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல அசைஞ்சுக்கிட்டே இருக்கும், அதை ஒரு கோட்டுல நிறுத்தி மார்க் போட்டா நல்லா வாசிக்கிற குழந்தைக்குத்தான் கம்மியா வரும். அதனால இப்போ பச்சை சிவப்பு எதுவுமே இல்ல. தந்தி சேக்கும்போதும், நீள வில்லு போட்டு ஒரே ஸ்வரத்தை நிறுத்துற சாதகத்துக்கும் மட்டும் ஒரு கோடு ஓடும். எலக்ட்ரானிக் தம்புராவை உருவாக்குன ராஜ் நாராயண் இதே பெங்களூர் என்ஜினியர், புல்லாங்குழல் கலைஞரும் கூட. அவர் பண்ண அந்தப் பெட்டி யாருக்கும் மார்க் போடாது, கூடவே ஒலிச்சுக்கிட்டு இருக்கும், கேட்டு சேர்ந்துக்க வேண்டியது நம்ம பொறுப்பு. நான் ஆப்ல எது சேக்குறதுக்கு முன்னாடியும் அதைத்தான் இப்போ நெனச்சுப் பாக்குறேன்.

டெக்னிக்கலா ரெண்டு விஷயம், இது ரெண்டும் மாசக்கணக்குல என் நேரத்தை முழுங்குச்சு. போன் மைக் பேச்சுக்காக செஞ்சது, ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீரா வர்ற எதையும் இரைச்சல்னு எடுத்துக்கிட்டு அமுக்கிடும். தம்புராவும் நீள வில்லும் அதுக்கு ஃபேன் மாதிரிதான். ரெக்கார்டிங்ல ரெண்டு மூணு செகண்ட்ல ஸ்வரம் தேஞ்சு போகும், என் பொண்ணு தன் வில்லுலதான் தப்புன்னு நெனச்சு அழுத்தி அழுத்தி வாசிச்சுக் கீச்சுனு வர ஆரம்பிச்சுது. ஆண்ட்ராய்டு 7-லேர்ந்து மைக்ல வந்ததை அமுக்காம அப்படியே குடுக்குற அன்பிராசஸ்டுன்னு ஒரு ஆடியோ சோர்ஸ் இருக்கு, எல்லாப் போன்லயும் கிடைக்காது, கிடைக்காத போன்ல வாய்ஸ் ரெகக்னிஷன் சோர்ஸை எடுங்க, அதுல இந்த அமுக்குற வேலை நடக்கக்கூடாதுங்கறது கூகுள் போட்ட விதி. இன்னொண்ணு ப்ளூடூத். தாளம் அதுல 150, 200 மில்லிசெகண்ட் லேட்டாத்தான் காதுக்கு வரும். நிமிஷத்துக்கு 60 தட்டுன்னு வெச்சா மூணாம் காலத்துல, அதாவது தட்டுக்கு நாலு ஸ்வரம் வாசிக்கும்போது, ஒரு ஸ்வரத்துக்கே 250 மில்லிசெகண்ட்தான், அப்போ தாளத்தோட சரியா வாசிச்ச குழந்தையோட ரெக்கார்டிங் கிட்டத்தட்ட ஒரு ஸ்வரம் தள்ளி விழும். ப்ளூடூத் மாட்டியிருந்தா எங்க ஆப் ரெக்கார்ட் பண்ணாது, ஒயர் இயர்போன் மாட்டச் சொல்லும்.

இப்போ ஆப் திறந்தா என்ன வரும்னா, டீச்சர் குரல் வரும். ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல சொன்னது புதன்கிழமைக்குள்ள மறந்துடுது, நோட்டுல ஸ்வரம் இருக்கும், அதை எப்படி அசைக்கணும் எங்க வில்லு மாத்தணும்ங்கறது இருக்காது. அதனால ஒவ்வொரு குழந்தையும் வாசிச்சு முடிச்சதும் டீச்சர் ஒரு 20 செகண்ட், தானே வாசிச்சுக் காட்டி, "இந்த இடத்துல அவசரப்படாதே செல்லம்"னு சொல்லி ரெக்கார்ட் பண்ணிடுவாங்க. குழந்தை வீட்ல அதைத் திரும்பத் திரும்பக் கேக்கலாம், சுருதி மாறாம வேகத்தைக் குறைச்சுக்கலாம், அப்புறம் தான் வாசிச்சதை ரெக்கார்ட் பண்ணா முதல்ல டீச்சரோடது, உடனே தன்னோடதுன்னு அடுத்தடுத்து ஓடும். ஓடும்போது எந்த இடம் தனக்கே திருப்தியா இல்லையோ அங்க ஸ்கிரீனை ஒரு தட்டு தட்டணும். டீச்சர் முழுசையும் கேக்க வேண்டியதில்ல, தட்டின இடத்தை மட்டும் திறந்து கேட்டாப் போதும்.

முதல்ல பசங்க எங்கயுமே தட்டல, இல்லேன்னா எல்லா இடத்துலயும் தட்டினாங்க. மூணு நாலு வாரம் அப்படியே போச்சு. அப்புறம் ஒரு நாள் என் பொண்ணு சமையல்கட்டுக்கு வந்து "அம்மா, எனக்கு பஞ்சமத்துலேர்ந்து இறங்கும்போது மட்டும் அவசரம் வந்துடுது"ன்னா. நான் தோசைக் கல்லை அணைச்சுட்டு அவகூட போய் உக்காந்து கேட்டேன், நிஜம்தான்.

பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்களுக்கு வேற கணக்கு. ஸ்கூல், டியூஷன், இங்க கர்நாடகால நடக்குற ஜூனியர் சீனியர் மியூசிக் பரீட்சை எல்லாம் போக பத்து பதினஞ்சு நிமிஷம்தான் மிச்சம். மிருதங்கம் வாசிக்கிற ஒரு பையன் எங்க வட்டத்துல இருக்கான், அபார்ட்மென்ட்ல பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னதால ராத்திரி எட்டு மணிக்கு மேல தொட முடியாது, அவனுக்காக கையால தாளம் போட்டு சொற்கட்டை, தக திமி மாதிரி, வாயால சொல்ற பிராக்டிஸையும் சேத்தேன். இப்போ அவன் அதைத்தான் அதிகமா பண்றான், டீச்சர்களும் காலங்காலமா சொல்றது அதானே. எழுத்தையும் யோசிங்க, இங்க பசங்க வீட்ல தமிழ் பேசுறாங்க, ஸ்கூல்ல கன்னடமும் இங்கிலீஷும் படிக்கிறாங்க, தமிழ் படிக்க நிறைய பேருக்கு வராது, ஸ்வரத்தை மூணு எழுத்துலயும் காட்ட வேண்டியிருக்கு.

2023-ல வந்த டிஜிட்டல் பர்சனல் டேட்டா சட்டத்தையும் ஒரு தடவை படிச்சுடுங்க. 18 வயசுக்குக் கீழ எல்லாருமே குழந்தைங்கதான், பெத்தவங்க சம்மதம் வேணும், அவங்க நடவடிக்கையை டிராக் பண்றதோ அவங்களைக் குறிவெச்சு விளம்பரம் போடுறதோ கூடாது. எங்க ரெக்கார்டிங் குழந்தை வீட்டுப் போன்லயே இருக்கும், டீச்சர் கேட்டதும் அவங்க பக்கம் அழிஞ்சுடும்.

அந்த எட்டு வயசுப் பையனுக்கு இப்போ பத்து வயசு. போன மாசம் அவன் ரெக்கார்டிங்ல நாலு நாளும் ஒரே இடத்துல தட்டு விழுந்திருந்துச்சு. டீச்சர் திறந்து கேட்டாங்க, காந்தாரம், ஒரு மயிரிழை ஏறி இருக்குன்னாங்க. போனை எங்கிட்ட குடுத்தாங்க, நான் ரெண்டு தடவை கேட்டும் எனக்குப் பிடிபடல. அன்னிக்கு அவன் கிளாஸை அங்கேர்ந்துதான் ஆரம்பிச்சாங்க.