புறநகர்ச் சாலையில் பல நாட்டு உணவகங்கள்: எதை நம்பி உள்ளே போவது?

கேள்வி: எங்கள் புறநகரில் ஒரே சாலையில் தாய்லாந்து, வியட்நாம், எத்தியோப்பியா, லெபனான், மெக்சிகோ, கொரியா என்று வரிசையாக உணவகங்கள் வந்துவிட்டன. இணையத்தில் எல்லாவற்றுக்கும் நான்கு நட்சத்திரத்துக்கு மேல் இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: நட்சத்திரங்களை விட்டுவிட்டு உணவுப் பட்டியலைப் படியுங்கள். ஒரே கடை தாய்லாந்து, சீனா, ஜப்பான் மூன்றின் உணவையும் நூறு பெயர்களில் தருகிறது என்றால், பெரும்பாலும் இரண்டு மூன்று சாஸ்களே எல்லாத் தட்டுகளுக்கும் போகும். பட்டியல் சுருக்கமாக இருந்து, ஒரு நாட்டுக்குள்ளும் ஒரு வட்டாரத்தைக் குறிப்பிட்டால் அந்தக் கடைக்கே நான் முதலில் போவேன். சீன உணவு என்று பொதுவாகச் சொல்வதில் நமக்கு எந்தத் தகவலும் இல்லை. சிச்சுவான் சமையல் நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகும் காய்ந்த மிளகாயும் நிறைந்தது. கான்டனீஸ் சமையலில் காரம் அடங்கியிருக்கும், ஆவியில் வேகவைப்பவை அதிகம். ஒன்றை எதிர்பார்த்து மற்றொன்றின் முன் உட்கார்ந்தால் குறை சமையல்காரருடையது அல்ல.

அடுத்து, குறுக்கு வழியில் செய்ய முடியாத ஒரு பண்டத்தைக் கேட்டு வாங்குங்கள். வியட்நாம் கடையில் அது ஃபோ என்ற நூடுல்ஸ் சூப். மாட்டெலும்போடு, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை சேர்த்துப் பல மணி நேரம் சிறுதீயில் கொதிக்கவைக்கும் சாறுதான் அதன் உயிர். சாறு தெளிவாகவும் மணமாகவும் இருந்தால் அந்தச் சமையலறையை நம்பலாம். எத்தியோப்பியக் கடையில் இஞ்சேரா. டெஃப் என்ற சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவைத்துச் சுடுவது; மேல்பக்கம் முழுவதும் கண் கண்ணாகத் துளை விழுந்திருக்க வேண்டும், இதமான புளிப்பு இருக்க வேண்டும். "இங்கேயே செய்கிறீர்களா, வெளியில் வாங்குகிறீர்களா?" என்று கேளுங்கள். இங்கேயே செய்பவர்கள் இந்தக் கேள்வியை விரும்புவார்கள்.

புறநகர் என்பதால் தயங்க வேண்டாம். வாடகை குறைவான இடத்தில், பக்கத்தில் குடியேறிய தம் மக்களுக்காகச் சமைக்கும் சிறு கடை பிழைத்துக்கொள்ளும். வியட்நாம் உணவுக்கு சிட்னியின் காப்ரமட்டா, கொரிய உணவுக்கு லண்டனின் நியூ மால்டன், சீன உணவுக்கு லாஸ் ஏஞ்சலஸ் அருகே உள்ள மான்டரே பார்க் எல்லாம் பெயர் வாங்கியது இப்படித்தான்.

கேள்வி: நாங்கள் சைவம். "இறைச்சி இல்லை" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சாப்பிட்ட பிறகு அதில் மீன் சாஸ் இருந்தது தெரிந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் பரிமாறியவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பல நாடுகளில் இறைச்சித் துண்டு கண்ணில் படாவிட்டால் அது சைவம்தான். அதனால் "சைவமா?" என்று கேட்காதீர்கள், பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மீன் சாஸ், இறால் விழுது, எலும்புச் சாறு, பன்றிக்கொழுப்பு இந்த நான்கும் போதும்.

தாய்லாந்தின் பச்சைக் குழம்பு விழுதில் வழக்கமாக இறால் விழுது அரைக்கப்பட்டிருக்கும். காய்கறி மட்டும் போட்டாலும் அது விழுதோடு வந்துவிடும். ஜப்பானிய மிசோ சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் உலர்த்திய மீன் சீவலிலிருந்து எடுப்பது. கொரியாவின் புளித்த ஊறுகாயான கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாஸோ சேர்வது வழக்கம். மெக்சிகோவின் மசித்த பயற்றில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பால் திரிவதற்குக் கன்றின் இரைப்பை நொதி சேர்க்கிறார்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

மனநிம்மதியோடு சாப்பிட எத்தியோப்பியக் கடைக்குப் போங்கள். அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும் நீண்ட விரத காலங்களிலும் இறைச்சி, பால், முட்டை, வெண்ணெய் எதையும் தொடுவதில்லை. அதனால் அவர்களிடம் விரதச் சமையல் செழித்து வளர்ந்திருக்கிறது. "விரதத் தட்டு" என்று கேட்டால் மசூர்ப் பருப்பு, கடலை, கீரை, முட்டைக்கோஸ் வகைகளை ஒரே இஞ்சேரா மேல் பரப்பித் தருவார்கள். லெபனான் கடையில் ஹம்மஸ் (கொண்டைக்கடலை விழுது), தபூலே (பொடியாக நறுக்கிய இலைக் கலவை), ஃபலாஃபெல் (கடலை வடை) உண்டு. இறைச்சி பொரித்த அதே எண்ணெயில் ஃபலாஃபெல் பொரிக்கிறார்களா என்பதை மட்டும் விசாரியுங்கள். சீனச் சமையலில் பௌத்த சைவ உணவகங்கள் தனியாக இருக்கின்றன, அவை பூண்டும் வெங்காயமும்கூட விலக்குபவை.

கேள்வி: குழந்தைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. இத்தகைய கடைகளுக்குப் போகலாமா?

பதில்: கடையைப் பொறுத்துத்தான். தாய்லாந்து, இந்தோனேசிய உணவகங்களில் சமையலறை முழுக்க வேர்க்கடலை புழங்கும். உங்கள் தட்டில் இல்லாவிட்டாலும் கரண்டி வழியே வரலாம். ஒவ்வாமை கடுமையானது என்றால் அங்கே போக வேண்டாம். எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஹம்மஸில் கலக்கும் தஹினி என்ற எள் விழுது ஆபத்து. மற்ற இடங்களிலும் பரிமாறுபவரிடம் சொல்வதோடு நிற்காமல் சமையல்காரரிடமே கேட்டு வரச் சொல்லுங்கள். "இருக்காது என்று நினைக்கிறேன்" என்ற பதில் கிடைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: "சூஷி தரம்", "கோபே மாட்டிறைச்சி" என்று எழுதி அதிக விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: "சூஷி தரம்" என்பதற்கு அமெரிக்காவில்கூடச் சட்டப்படியான வரையறை கிடையாது. பச்சையாக உண்ணும் மீனில் ஒட்டுண்ணி சாக வேண்டுமானால் உறையவைக்க வேண்டும். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் என்பது அந்நாட்டு உணவுத் துறை கூறும் வழிகளில் ஒன்று. ஆகவே உறையவைத்த மீன் என்று கடைக்காரர் சொன்னால் அதைக் குறையாக எண்ணாதீர்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் பச்சை மீனைத் தவிர்ப்பதே சரி.

கோபே என்பது ஜப்பானின் ஹியோகோ மாகாணத்து மாட்டுக்கு மட்டுமே உரிய பெயர். ஜப்பானிய மாடு ஒவ்வொன்றுக்கும் 10 இலக்க அடையாள எண் உண்டு. எண்ணையோ சான்றிதழையோ காட்ட முடியாதவருக்கு அந்த விலையைக் கொடுக்காதீர்கள். சூஷியோடு வைக்கும் பச்சை நிறக் கார விழுதான வசாபியும் பெரும்பாலும் குதிரைமுள்ளங்கியும் கடுகும் நிறமும் கலந்ததே.

கேள்வி: பஃபே லாபமா?

பதில்: கூட்டம் நிறைந்த நேரத்தில், தட்டுகள் அடிக்கடி மாறும்போது மட்டும். சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும் குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆவி பறக்காத குழம்பையும் பனிக்கட்டி உருகிய தட்டில் கிடக்கும் மீனையும் தொடாதீர்கள்.

கேள்வி: கேட்காமலே மேசையில் வைத்த பண்டத்துக்குப் பில்லில் பணம் சேர்த்துவிட்டார்கள். இது சரியா?

பதில்: எந்த நாட்டு உணவகம் என்பதைப் பொறுத்தது. கொரியக் கடையில் சிறு கிண்ணங்களில் வரும் பஞ்சான் என்ற தொடுகறி வகைகளுக்குப் பொதுவாகத் தனி விலை இல்லை, தீர்ந்தால் மறுபடியும் தருவார்கள். போர்ச்சுகீசிய வழக்கப்படி மேசைக்கு வரும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் சாப்பிட்டால் கட்டணம் உண்டு. இத்தாலிய உணவகங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று மேசைக் கட்டணம் வாங்குவது உண்டு. ஜப்பானிய மதுக்கூடங்களில் முதலில் வரும் சிறு தட்டு இருக்கைக் கட்டணத்துக்குச் சமம். இவை ஏமாற்று அல்ல. ஆனால் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் சேர்த்திருந்தால் மேலாளரிடம் நீக்கச் சொல்லுங்கள். சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள்.