கல்லீரல் மாற்றுக்குப் பிறகு எத்தனை வருஷம்? வாசகர் கேள்விகளுக்குச் சென்னை மருத்துவரின் பதில்கள்

அப்பாவுக்கு மெல்ட் ஸ்கோர் 28. இவ்வளவு இருந்தால் ஆபரேஷன் செய்தும் பிரயோஜனம் இல்லை என்கிறார் சித்தப்பா. நிஜமா டாக்டர்? (வாசகி, பெரம்பூர்)

சித்தப்பா ஸ்கோரைத் தலைகீழாகப் படித்திருக்கிறார். மாற்று சிகிச்சை செய்யாமல் விட்டால் அடுத்த 90 நாளில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதைத்தான் மெல்ட் சொல்கிறது. பிலிருபின் (காமாலை அளவு), ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற அளவு), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலை) ஆகிய மூன்றையும் வைத்து 6 முதல் 40 வரை போடும் கணக்கு இது. சோடியத்தைப் பிற்பாடு சேர்த்தார்கள். அமெரிக்காவில் 2002 முதல் இதை வைத்துத்தான் காத்திருப்போர் வரிசை. ஸ்கோர் கூடினால் முன்னுரிமையும் கூடும். அதாவது 28 என்பது தள்ளிப்போடாதீர்கள் என்ற எச்சரிக்கை.

ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் என்று கேட்டால் மெல்ட் சுமாராகத்தான் பதில் சொல்லும். வென்டிலேட்டர், டயாலிசிஸ் என்று போய்விட்டவர்களுக்குப் பிந்தைய ஆபத்தும் கூடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 28 என்ற எண்ணை மட்டும் காட்டி யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம். அப்பா இதயத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அந்த மாத்திரையே ஐஎன்ஆரை ஏற்றி, ஸ்கோரை ஊதிக் காட்டும். தசை கரைந்து மெலிந்தவர்களுக்கு நேர்மாறு: கிரியாட்டினின் குறைவாகத் தெரியும், சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும். பெண்களுக்கு இந்தக் கோளாறு அதிகம் என்பதால்தான் புதிய மெல்ட் 3.0 அவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தருகிறது.

ஸ்கோரோடு நான் பார்ப்பது உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வோம், கைப்பிடி வலுவை அளப்போம், கால்களைச் சேர்த்து 10 விநாடி நிற்கச் சொல்வோம். இதில் தடுமாறுபவர்கள் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் திணறுகிறார்கள். வீட்டில் காமாலைப் பத்தியம் என்று வெறும் மோர்சாதத்தில் நிறுத்தி வைத்திருந்தால் இன்றே விடுங்கள். பருப்பு, முட்டை, பால் எல்லாம் வேண்டும். படுக்கும்முன் ஒரு சிறு சாப்பாடும் வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் உப்பில்தான் கறார்.

எனக்கு மாற்று சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. 'ஐந்து வருஷம் தாண்டுபவர்கள் 75 சதவீதம்' என்று படித்ததிலிருந்து தூக்கமில்லை. (வாசகர், தாம்பரம்)

தூங்குங்கள். அந்த 75 ஆபரேஷன் நாளிலிருந்து எண்ணியது. இழப்புகள் அதிகம் முதல் சில மாதங்களில்தான்: தொற்று, ஈரல் தமனியில் ரத்தம் உறைவது, பல உறுப்புகள் ஒன்றாகச் செயலிழப்பது. அந்த ஆற்றை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். நூறு பேரில் 90 பேர் முதல் வருஷத்தைக் கடந்து, 75 பேர் ஐந்தாம் வருஷத்தைத் தொட்டால், உங்களுக்கான கணக்கு தொண்ணூறில் எழுபத்தைந்து, கிட்டத்தட்ட 83 சதவீதம். இனி கவனம் வேண்டியது சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், புற்றுநோய்ப் பரிசோதனை. சிகரெட் இருந்தால் அதுவும்.

தானம் தருபவரின் வயது பலனை மாற்றுமா? (வாசகர், வியாசர்பாடி)

மாற்றும். மூளைச்சாவு அடைந்தவரின் ஈரல் என்றால் டி-மெல்ட் என்றொரு எளிய பெருக்கல் உண்டு: கொடையாளரின் வயதை நோயாளியின் மெல்ட்டால் பெருக்குவது. மெல்ட் 28 உள்ளவருக்கு 30 வயது ஈரல் என்றால் 840. 60 வயது என்றால் 1,680. 1,600-க்கு மேல் போனால் யோசிப்போம். யோசிப்போம் என்றுதான் சொல்கிறேன், மறுப்போம் என்றல்ல. காத்திருப்பதன் ஆபத்து அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

வீட்டிலிருந்தே ஒருவர் பாதி ஈரல் தருகிறார் என்றால் எடையும் முக்கியம். பெறுபவரின் உடல் எடையில் குறைந்தது 0.8 சதவீதம் ஈரல் கிடைக்கப் பார்ப்போம். 70 கிலோ ஆளுக்கு 560 கிராம். அப்புறம், தானம் தருபவருக்கும் ஆபத்து உண்டு, சிறியதுதான், ஆனால் பூஜ்யமில்லை. மகளோ மனைவியோ தயங்கினால் கட்டாயப்படுத்தாதீர்கள். தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் காத்திருப்புப் பட்டியலில் பதிவு செய்யும் வழி இருக்கிறது. அரசு மருத்துவமனை வேண்டுமென்றால் உங்கள் பக்கத்திலேயே ஸ்டான்லி.

அம்மாவுக்கு ஈரலில் 4 செ.மீ. கட்டி, புற்றுநோய். மாற்று செய்யலாமா? (வாசகி, மயிலாப்பூர்)

ஒரே கட்டியாக, 5 செ.மீ.க்குள் இருந்தால், அல்லது மூன்று வரை, ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் இருந்தால், ரத்தக்குழாய்க்குள் போகாமல், வெளியே பரவாமல் இருந்தால் பலன் நன்றாக இருக்கும். 1996-இல் வந்த மிலான் அளவுகோல் இது. அளவோடு ஏஎஃப்பி (ஈரல் புற்றுக்கட்டி சுரக்கும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையையும் பாருங்கள். அது மிக அதிகமாக இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும்.

மாற்றுக்குப் பிறகு எத்தனை வருஷம் என்று ஏஐ கணித்துச் சொல்லுமாமே? (வாசகர், அண்ணா நகர்)

முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் வெளிநாட்டில், மூளைச்சாவு கொடைகளை வைத்துப் பழக்கிய கணக்கு, உறவினர் தானமே பெரும்பான்மையான நம் ஊரில் அப்படியே பொருந்தாது. இங்கே சரிபார்த்த கணக்கா என்று முதலில் கேளுங்கள்.

புது ஈரலை உடம்பு நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறேன். பம்பளிமாஸ் சாப்பிடலாமா? (வாசகர், குரோம்பேட்டை)

கூடாது. மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், சிறுநீரகம் அடிபடும். ஆரஞ்சு, கொய்யா தாராளமாகச் சாப்பிடுங்கள், நன்றாகக் கழுவிவிட்டு. மருந்தின் அளவு பார்க்க ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் காலை மாத்திரையைக் கையோடு எடுத்துப் போய், ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.