கடுகு டப்பாவும் பட்டுச் சால்வையும்

வணக்கம் ஐயா,

1888இல் லண்டனில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட ஜாக் த ரிப்பர் கொலைகளை 'இன்றும் துப்புத் துலங்காத வழக்கு' என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் ஒரு பட்டுச் சால்வையில் இருந்த டி.என்.ஏ.வை வைத்து ஆரோன் கோஸ்மின்ஸ்கிதான் கொலையாளி என்று நிரூபித்துவிட்டதாகப் படித்தேன். அது சரியில்லை என்றால், உங்கள் கணக்கில் யார்?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

அந்தச் செய்தி 2014இல் ஒரு தடவை வந்தது. 2019இல் ஆய்வுக் கட்டுரையாக இன்னொரு தடவை வந்தது. நானும் முதலில் நம்பினேன். 1888 செப்டம்பர் 30 அதிகாலை மைட்டர் சதுக்கத்தில் கொல்லப்பட்டவர் காத்தரின் எட்டோஸ். அவர் உடலருகே கிடந்த சால்வையை ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு எடுத்துப் போனார், அது வாரிசுகள் கைமாறி 2007இல் ஏலத்துக்கு வந்தது என்பார்கள்.

காத்தரினிடம் இருந்த பொருள்களைப் போலீஸ் எழுதிவைத்த பட்டியலைப் படித்ததும் அந்த நம்பிக்கை போய்விட்டது. தேயிலை ஒரு டப்பாவில், சர்க்கரை இன்னொன்றில். பன்னிரண்டு வெள்ளைத் துணித் துண்டுகள். ஒரு சீப்பு, தைக்கும்போது விரலில் மாட்டும் உறை, ஒற்றைச் சிவப்புக் கையுறை. ஒரு கடுகு டப்பாவுக்குள் இரண்டு அடகுச் சீட்டுகள். ஒரு சீட்டு அவருடன் வாழ்ந்த ஜானின் பூட்ஸுக்கு உரியது. அதை அடகு வைக்க இவர் கடைக்குள் போக, ஜான் வாசலில் வெறுங்காலோடு நின்றிருக்கிறார். கிடைத்தது இரண்டரை ஷில்லிங். இறந்தவர் யார் என்று இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. அடகுச் சீட்டு பற்றிப் பத்திரிகையில் பார்த்துவிட்டு ஜான் ஓடிவந்துதான் அடையாளம் சொன்னார்.

கந்தல் துணியைக்கூட எண்ணி எழுதியவர்கள் பட்டுச் சால்வையை விட்டுவிடுவார்களா? காலை உணவுக்காகப் பூட்ஸை அடகு வைத்தவரிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால், அதுதானே முதலில் கடைக்குப் போயிருக்கும்?

சால்வையில் எடுத்ததும் தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஒரே வகை பலபேருக்கு இருக்கும். 'இவராக இருக்க முடியாது' என்று விலக்க அது உதவும். 'இவரேதான்' என்று கைகாட்ட உதவாது. அதிலும் இது எத்தனையோ கைகள் பட்ட துணி.

கோஸ்மின்ஸ்கி என்ற பெயர் போலீஸ் அதிகாரி மெல்வில் மக்னாட்டன் சந்தேக நபர்களைப் பற்றி 1894இல் எழுதிய குறிப்பில் வருகிறது. வெறும் குடும்பப் பெயர்தான். 1891இல் மனநல விடுதியில் சேர்க்கப்பட்ட முடிதிருத்துநர் ஆரோனோடு அதைப் பொருத்தியவர்கள் பிற்கால ஆய்வாளர்கள். குறிப்பில் இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு. தேம்ஸில் பிணமாக மிதந்த மாண்டேகு டிரூயிட்டை மருத்துவர் என்கிறார் மக்னாட்டன். அவர் வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர். மைக்கேல் ஆஸ்ட்ராக் அந்த நாட்களில் பிரான்ஸில் சிறையில் இருந்தது பின்னால் தெரியவந்தது. அதிகாரியின் குறிப்பே இந்த லட்சணத்தில் இருக்கும்போது, அரச மருத்துவர், ஓவியர் என்று அப்புறம் கிளம்பிய கதைகளை என்ன சொல்ல? ஆளை முதலில் முடிவுசெய்துகொண்டு ஆதாரம் தேடினால் யாரையும் மாட்டிவிடலாம். மனநோயாளியான, ஏழை யூத அகதி ஒருவர் பெயர் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சரி, யார் என்று கேட்டீர்கள். நான் நம்பும் தடயம் ஒன்றுதான். காத்தரினின் ஏப்ரனிலிருந்து வெட்டிய, ரத்தம் தோய்ந்த ஒரு துண்டு. அன்று அதிகாலை 2.55க்குக் கோல்ஸ்டன் தெருவில் ஒரு கட்டட வாசலில் ஒரு காவலர் அதைக் கண்டெடுத்தார். மைட்டர் சதுக்கத்திலிருந்து அந்தத் தெரு, மற்றக் கொலைகள் நடந்த வொயிட்சாப்பல் பகுதியின் பக்கம். உடல் கிடைத்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள், போலீஸ் சல்லடை போட்டுத் தேடிய பகுதிக்குள்ளேயே கொலையாளி திரும்பிப் போயிருக்கிறான். சந்து பொந்தெல்லாம் தெரிந்த, அங்கேயே குடியிருந்த ஒருவன் என்பது என் ஊகம். அதற்கு மேல் ஒரு பெயர் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.