ஒரே நூலோடு ஐ.நா. சபைக்குச் சென்றவர்

கேள்வி: உருது நகைச்சுவை எழுத்தாளர் பத்ரஸ் புகாரி பின்னாளில் தூதராகப் பணியாற்றினார் என்று படித்தேன். ஒரே ஒரு கட்டுரைத் தொகுப்போடு அவர் நின்றுவிட்டதற்குப் பதவிதான் காரணமா? (வாசகர், ஈரோடு)

பதில்: பதவி ஒரு காரணம்தான், ஆனால் பழியைத் தூதர் பதவியின் மேல் போடுவது நியாயமாகாது. அவருடைய பேனா அதற்கு வெகுகாலம் முன்பே ஓய்ந்துவிட்டது. 1898-இல் பெஷாவரில் பிறந்த சையத் அகமது ஷா புகாரி ('பத்ரஸ்' அவருடைய புனைபெயர்), கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு லாகூர் அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ் அவருடைய மாணவர். பதினொரு கட்டுரைகள் கொண்ட அந்தச் சிறு நூல் அக்காலத்தில் வந்தது. பிறகு வானொலி அவரை இழுத்துக்கொண்டது. 1940-இல் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். தம்பி சுல்ஃபிகாரும் அங்கேயே உயர் பதவியில் இருந்ததால், பி.பி.சி. என்றால் 'புகாரி பிரதர்ஸ் கார்ப்பரேஷன்' என்ற கேலி அன்று உலவியது. பிரிவினைக்குப் பின் லாகூர்க் கல்லூரிக்கு முதல்வராகத் திரும்பி, 1951-இல் பாகிஸ்தானின் நிரந்தரப் பிரதிநிதியாக ஐ.நா. சபைக்குச் சென்றார்.

அவருடைய நகைச்சுவையின் சூட்சுமம், அற்ப விஷயத்தைச் சபை மரியாதை குறையாமல் சொல்வது. நாய்களைப் பற்றிய கட்டுரையில், இரவு பதினொரு மணிவாக்கில் ஒரு நாய் வெளியே தெருவுக்கு வந்து கவிதையின் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, எதிர்ப் பங்களா நாய் அடுத்த அடியைப் பாட, அது பொறுக்காத பழுத்த உஸ்தாத் (ஆசான்) ஒன்று மிட்டாய்க்கடை அடுப்பிலிருந்து எழுந்துவந்து கஜல் என்னும் உருதுக் கவிதையை முழுவதுமாக அரங்கேற்றுகிறது. கவியரங்குகளை இதைவிடப் பணிவாகக் குத்திக்காட்ட முடியாது.

அந்தப் பணிவும் குத்தலும் சேர்ந்த நாக்கு ஐ.நா. பாதுகாப்பு அவையிலும் பயன்பட்டிருக்கும் என்பது என் ஊகம். 1952 ஏப்ரலில் அவர் அவைத் தலைவராக இருந்தபோது, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த துனிசியாவின் பிரச்சினையை விவாதத்துக்கு எடுக்க வேண்டும் என்று வாதாடினார். ஆதரவு 5, எதிர்ப்பு 2, நடுநிலை 4. தேவைப்பட்டதோ 7 வாக்குகள். பேசுவதற்கே அனுமதி கிடைக்கவில்லை. துனிசியா 1956-இல் விடுதலை பெற்றபோது, புகாரி ஐ.நா.வின் செய்தித் துறைக்குத் தலைவராக இருந்தார். அப்பதவியில் இருக்கும்போதே 1958 டிசம்பர் 5 அன்று நியூயார்க்கில் காலமானார்.

படிக்க விரும்பினால், நண்பர் மிர்சா தலையில் கட்டிய ஓட்டைச் சைக்கிளுக்கு அவர் எழுதிய இரங்கல் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். நடுவழியில் முன்சக்கரம் தனியே கழன்று உருண்டோட, மிச்சத்தையும் சேர்த்து அவர் ஆற்றில் வீசிவிடுகிறார்.